சமத்தில் வந்து சேராத கலவரம்

வேலூர், காட்பாடி பக்கத்து இளைஞர்கள் நால்வர் சேர்ந்து வெளியிட்டிருக்கும் இந்த மெட்டல்கோர் (ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை) ஈ.பி.யில், அதாவது சின்ன ஆல்பத்தில், ஏழு டிராக்குகள். மொத்தம் 13 நிமிடம் 40 வினாடி. முதல் டிராக் முழுக்கக் காட்பாடி ஜங்ஷன் தண்டவாளச் சத்தமும் கிட்டார் இரைச்சலும்தான். 1 நிமிடம் 50 வினாடி. நான்காவது தனிப் பம்பை, 1 நிமிடம் 5 வினாடி. ஏழாவது 4 நிமிடம் 30 வினாடி ஓடுகிறது, அதில் கடைசி 2 நிமிடம் 20 வினாடி வெறும் ஃபீட்பேக் (ஆம்பின் ஒலியைக் கிட்டார் திரும்ப வாங்கி எழுப்பும் ஊளை). இவற்றைக் கழித்தால் நால்வரும் சேர்ந்து வாசித்திருப்பது 8 நிமிடம் 25 வினாடி. தரவிறக்கம் 150 ரூபாய், கேசட் 350 ரூபாய்.

எட்டரை நிமிடம் போதாது என்று சொல்ல வரவில்லை. இந்த வகை இசைக்கு அது தாராளம். நியூ ஜெர்சியின் தி டில்லிஞ்சர் எஸ்கேப் பிளான் 1998-ல் வெளியிட்ட ‘அண்டர் தி ரன்னிங் போர்டு’ மூன்றே பாட்டு, எட்டு நிமிடத்துக்கும் குறைவு. மேத்கோர் (சிக்கலான தாளக் கணக்கும் திடீர்த் திருப்பங்களும் நிறைந்த மெட்டல்கோர்) என்றால் என்ன என்று கேட்பவருக்கு இன்றைக்கும் அதைப் போட்டுக் காட்டலாம். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு சம்பவம் அடுக்க முடிந்ததற்குக் காரணம் வேகம் மட்டுமில்லை. ஒவ்வொரு திருப்பமும் எங்கே விழ வேண்டும் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள்.

குழுவின் பெயரை இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நால்வருக்கும் இது முதல் வெளியீடு. வேலூரில் இந்த இசையை நேரில் கேட்க வேண்டுமென்றால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதுதான் வழக்கம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒன்று வருகிறது என்றால் அதற்கு முதுகில் ஒரு தட்டு மட்டும் கொடுத்து அனுப்புவது மரியாதை ஆகாது. எங்கே சறுக்கியது, ஏன் சறுக்கியது என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் மரியாதை.

இதிலுள்ள குறை ஒன்றே ஒன்றுதான். அது தாளத்தில் ஒரு உருவமும் கிட்டாரில் ஒரு உருவமும் மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை) ஒரு உருவமும் எடுக்கிறது. கேட்பவருக்குத் தாறுமாறாக இருக்க வேண்டுமென்றால் செய்பவரும் தாறுமாறாகச் செய்தால் போதும் என்று நம்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது பாட்டை எடுத்துக்கொள்வோம். ரிஃப், அதாவது சின்னக் கிட்டார் துண்டு, நன்றாக எழுதப்பட்டது. தகிட தகதிமி, தகிட தகதிமி, தகிட தகதிமி என்று மூன்று ஏழு. பிறகு தக தகிட என்று ஒரு ஐந்து. ஒரு சுற்றுக்கு 26 மாத்திரை (இங்கே அரை அடிக்கு ஒரு மாத்திரை). அதன் மேல் டிரம்ஸின் சிம்பல் நேர் நாலு நாலாக, எட்டு மாத்திரைக்கு ஒரு பாராக (தாளக் கட்டமாக), எதையும் கண்டுகொள்ளாமல் போகிறது. அருமையான அடித்தளம். 26-ம் 8-ம் உடனே ஒத்துப்போகாது. இரண்டு சுற்று முடிந்தால் ஆறரை பார், அந்தரத்தில் நிற்கும். நான்கு சுற்று முடிந்தால் 104 மாத்திரை, சரியாக 13 பார். கிட்டாரும் சிம்பலும் அந்த இடத்தில்தான் முதல்முறையாக ஒன்றாகச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் அடியில், வந்து விழும். மிருதங்கக் கோர்வை (கணக்காகச் சமத்தில் வந்து முடியும் அடி வரிசை) கேட்டு வளர்ந்த எந்தக் காதும் அந்த விழுதலுக்காகத்தான் காத்திருக்கும். கோர்வை என்றே தெரியாதவருக்கும் உடம்பு காத்திருக்கும்.

இவர்கள் மூன்றாவது சுற்றிலேயே வெட்டிவிடுகிறார்கள். 78 மாத்திரை, அதாவது ஒன்பது பாரும் ஆறு மாத்திரையும். அந்த இடத்தில் எல்லோரும் நிறுத்திவிட்டு, 4/4 பிரேக்டவுனை (கனமாக இறங்கி அடிக்கும் பகுதியை) முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நிமிடத்துக்கு 200 அடி என்ற வேகத்தில் ஒரு மாத்திரை 150 மில்லி வினாடி. விட்டுப்போன ஒரு சுற்று நான்கு வினாடிகூட இல்லை. அந்த நான்கு வினாடிக்காகப் பன்னிரண்டு வினாடி சேர்த்து வைத்த இழுபறி முழுதும் வீண். கேட்பவருக்கு அது அதிர்ச்சியாகப் படவில்லை, எடிட்டிங்கில் ஏதோ அறுந்துபோன மாதிரி படுகிறது. ‘எதிர்பாராத’ வெட்டு வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒருமுறை நான்கு சுற்றும் முடித்துச் சமத்தைக் காட்டிவிட்டு, அதே ரிஃப் திரும்ப வரும்போது மூன்றில் வெட்டலாம். காட்டியதைப் பறித்தால்தான் பறிபோனது தெரியும்.

இரண்டாவது, ஆறாவது பாட்டுகளில் இந்த அளவு கணக்குகூட இல்லை. இரண்டு பாருக்கு ஒரு ரிஃப், அதற்குப் பிறகு சம்பந்தமில்லாத இன்னொன்று. ஆறாவதில் பதினான்கு ரிஃப்கள். எதுவும் இரண்டாம் முறை வரவில்லை.

அடுத்தது கிட்டார். உறையில் டிராப் ஏ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆறாவது கம்பி ஏ சுரத்துக்கு, அதாவது 55 ஹெர்ட்ஸுக்கு, இறங்குகிறது. சாதாரணச் செட்டில் வரும் 0.046 அங்குலக் கம்பியை 82 ஹெர்ட்ஸ் ஈயிலிருந்து அவ்வளவு கீழே இறக்கினால் இழுவிசை பாதிக்கும் குறைவாகிவிடும், ஏறத்தாழ 45 சதவீதம்தான் மிஞ்சும். தொளதொளத்த கம்பியை ஓங்கி அடித்தால் அடித்த கணத்தில் சுருதி மேலே ஏறி, பிறகுதான் இறங்கி நிற்கும். இரண்டாவது பாட்டின் முதல் பத்து வினாடியிலேயே இது பச்சையாகக் கேட்கிறது. இடது காதுக் கிட்டாரும் வலது காதுக் கிட்டாரும் ஒவ்வொரு அடியிலும் வேறு வேறு அளவுக்கு ஏறி இறங்குகின்றன. 25.5 அங்குல நீளக் கிட்டாரில் இந்தச் சுருதிக்கு 0.064-லிருந்து 0.068 வரை தடிமன் வேண்டும். நட்டின் (கழுத்து முனையில் கம்பியைத் தாங்கும் துண்டு) பள்ளத்தை அதற்கேற்ப ராவ வேண்டும், பிரிட்ஜில் இன்டொனேஷனை (கழுத்து நெடுகச் சுருதி பிசகாத அமைப்பை) திரும்பச் சரிசெய்ய வேண்டும். இரண்டும் செய்யாமல் கம்பியை மட்டும் மாற்றினால் பன்னிரண்டாவது ஃப்ரெட் பொய் சொல்லும். கோடையில் இங்கே 40 டிகிரி தாண்டும் அறையில் ஃபேனைக்கூட நிறுத்திவிட்டுப் பதிவு செய்யும்போது கம்பி விரிந்து சுருதி இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி பார்ப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

பேஸ் கிட்டாருக்கும் இதே நோய், இன்னும் முற்றியது. அதன் கடைசிக் கம்பி 27.5 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஸ்பீக்கரோ ஷேர் ஆட்டோவில் கட்டியிருக்கும் பெட்டியோ அந்த ஒலியைத் தரவே தராது. அதன் மேல் ஒலிகளான 55, 82.5, 110 ஹெர்ட்ஸை வைத்துத்தான் காது பேஸை ஊகிக்கிறது. இதில் பேஸ் சுத்தமாக, டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) ஏதும் இல்லாமல் இருக்கிறது. 55-ஐயும் 110-ஐயும் கிட்டார்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டன. ஆக பேஸ் வாசித்தவரின் உழைப்பு 8 நிமிடம் 25 வினாடியில் எங்கும் கேட்கவில்லை. அவருக்கு இது பெரிய அநியாயம். பேஸ் டிராக்கை இரண்டாகப் பிரித்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நன்றாகக் கம்ப்ரஸ் செய்து (ஏற்ற இறக்கத்தைக் குறைத்து) அசையாமல் வைத்து, மேலே உள்ள பாதிக்கு டிஸ்டார்ஷன் ஏற்றிக் கலந்தால் சின்ன ஸ்பீக்கரிலும் அவர் கேட்பார். இந்த வகை மிக்ஸிங்கில் இது எல்லோரும் செய்கிற வேலைதான்.

டிஸ்டார்ஷனுக்குப் பாஸ் நிறுவனத்தின் ஹெச்எம்-2 பெடலை (காலால் இயக்கும் சின்னப் பெட்டி), நான்கு குமிழையும் கடைசி வரை திருப்பி வைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1983-ல் வந்து 1991-ல் நின்றுபோன பெடல். சுவீடன் டெத் மெட்டலின் ரம்பச் சத்தம் இதிலிருந்துதான் வந்தது. பிறகு மசாசூசெட்ஸின் கன்வெர்ஜ் கிட்டாரிஸ்ட் கர்ட் பாலூ வழியாக மெட்டல்கோர் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. 2021-ல் நிறுவனமே திரும்ப வெளியிட்டது. சாதனத்தில் குறை இல்லை, ஆனால் அது எதற்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். எல்லாக் குமிழும் முழுதாகத் திறந்தால் ஒரு கிலோஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு மேடு எழும்பி, இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும் பவர் கார்டை மலை போல ஆக்கும். மேத்கோரின் உயிரே அரைச்சுர மோதல்களில், நான்கு சுரக் கோணல் கார்டுகளில் இருக்கிறது. 440-ம் 466-ம் ஒன்றாக ஒலித்து இந்தப் பெடலுக்குள் போனால் அவற்றின் வித்தியாசமான 26 ஹெர்ட்ஸும் இன்னும் பல கலப்பொலிகளும் பிறந்து, கார்டு கர்ரென்று ஒரே பிசினாகிவிடும். மூன்றாவது பாட்டில் மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்த கார்டுகள் என்ன கார்டுகள் என்று ஹெட்போனில் பத்து முறை கேட்டாலும் பிடிபடவில்லை. கை வேலை நன்றாக இருக்கிறது என்று மட்டும் ஊகிக்க முடிகிறது. ஒரு பக்கம் ஹெச்எம்-2, மறுபக்கம் கெயின் (கரகரப்பின் அளவு) பாதிக்கும் கீழே வைத்த ஆம்ப் என்று பிரித்திருந்தால் ரம்பமும் கிடைத்திருக்கும், சுரமும் கிடைத்திருக்கும்.

டிரம்ஸைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வாசித்தது மனிதர், கேட்பது இயந்திரம். ஒவ்வொரு ஸ்னேர் அடிக்கும் ஒரே சாம்பிள் (முன்பே பதிவான ஒலி), ஒரே பலம், நூறு சதவீதம் கிளிக்கில் (கணினியின் தாள டிக் டிக்கில்) ஒட்டவைத்தது. 240 வேகத்தில் இரட்டைக் கிக் (இரு காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒவ்வொன்றும் 62.5 மில்லி வினாடிக்கு ஒருமுறை விழுகிறது. அவர்கள் போட்ட கிக் சாம்பிளின் வால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளம். ஒரு அடி அடங்குவதற்குள் இன்னும் இரண்டு அடி விழுவதால் கிக் தனித்தனியாகத் தெரியாமல் கொதிக்கிற உலை மாதிரி ஒரே முணுமுணுப்பு. வாலை 60 மில்லி வினாடிக்குள் வெட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, அறை மைக்கின் ஒலியைக் கொஞ்சமாவது உள்ளே விட்டால் தீரும்.

இனி குரல். இதில் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழில் ஸ்க்ரீம் செய்வது இன்னும் யாரும் முழுதாகக் கற்றுத் தேர்ந்த வித்தை இல்லை. இந்த ஈ.பி. அதில் இரண்டு பாட்டுகளில் தோற்று ஒரு பாட்டில் ஜெயிக்கிறது. தொண்டையின் போலி நாண்களை அழுத்திக் கத்தும்போது மெய்யெழுத்து நுணுக்கம் பெரும்பாலும் போய்விடும். ழ, ள, ல மூன்றும் ஒன்றாகும். சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரம் காற்றில் கரைந்துவிடும். மிஞ்சுவது ஆ, ஓ, ஏ போன்ற நெடில்களும் க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற போன்ற வல்லின இரட்டிப்புகளும்தான். அந்த இரட்டிப்பில் ஒரு கணம் காற்று அடைபட்டு, பிறகு வெடிக்கும். ஸ்னேர் அடிக்கு முந்திய மௌனம் மாதிரி அது தானாகவே தாளம் போடும். இரண்டாவது, ஆறாவது பாட்டுகளின் வரிகள் ‘விழுந்து எழுந்து அழிந்து’ வகை. தாளில் படிக்க ஓசையாக இருக்கும், கத்தினால் மூன்றும் ஒரே மூச்சிரைப்பு. போதாததற்குக் குரலும் கிட்டாரும் 1-லிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. கிட்டாரில் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மூன்று டெசிபல் குறைத்திருந்தால் போதும்.

கத்துகிற விதத்திலும் ஏற்ற இறக்கம் இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே உயரம், ஒரே நிறம். வட ஆற்காட்டுக் கூத்தில் கட்டியக்காரன் பேச்சுக்கும் வேடக்காரர் பாட்டுக்கும் இடையில் எத்தனை குரல் மாற்றம்! விடிய விடிய ஒரு குரல் தாங்குவதற்குக் காரணம் அது ஓய்வதற்கு இடமும் ஏந்திக்கொள்ளப் பின்பாட்டும் இருப்பதுதான். ஹார்ட்கோரில் எல்லோரும் சேர்ந்து கத்துகிற இடத்துக்கு நம் ஊரில் ஏற்கெனவே உருவம் இருக்கிறது. நால்வரில் மூவர் வாய் திறக்கவே இல்லை என்பது வருத்தம்.

ஜெயித்தது ஐந்தாவது பாட்டு. 48 வினாடிதான். டேனரிக் கழிவும் பாலாறும்தான் பொருள். உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் தீர்ப்பு சொன்ன 1996-ஐ எடுத்து, ‘தொண்ணூற்றாறு’ என்ற ஒற்றைச் சொல்லை நான்கு முறை கத்துகிறார் பாடுபவர். என்ன ஒரு தேர்வு! தொண் என்று மூக்கில் கட்டி, ணூ என்று நீண்டு, ற் என்று அடைத்து, றா என்று வெடிக்கிறது. கடைசி று போனாலும் நஷ்டமில்லை. ஸ்க்ரீமுக்கென்றே செய்த சொல் மாதிரி இருக்கிறது. டிரம்ஸும் இதில் மட்டும் கிளிக்கில் ஒட்டப்படவில்லை, நடுவில் லேசாக முந்துகிறது, மூச்சு விடுகிறது. கோபத்துக்கு ஒரு பொருள் கிடைத்ததும் மற்ற எல்லாமும் தானே சீராகிவிட்டது. இருபத்தொன்பதாவது வினாடியில் ஒரு பார் முழுக்க மௌனம் வருகிறது. மொத்த ஈ.பி.யிலும் மிகக் கனமான இடம் அந்த மௌனம்தான்.

அதற்கு முந்தைய பம்பைத் துண்டைக் கேட்கும்போது மனசு ஆறவில்லை. இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டிக் குச்சியால் அடிக்கிற பம்பை இந்த வட்டாரத்து அம்மன் கோயில் ஒலி. நன்றாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தோலின் அதிர்வு முழுசாக இருக்கிறது. அது நிமிடத்துக்கு 120 அடி, ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிந்த திஸ்ர நடை. நிமிடத்துக்கு 360 மாத்திரை. ஐந்தாவது பாட்டின் வேகம் 180. அதன் அரை அடிகளும் நிமிடத்துக்குச் சரியாக 360. இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் பம்பையின் நடையே கண் இமைக்கும் நேரத்தில் மெட்டல்கோராக மாறியிருக்கும். ஊர் ஒலியும் இந்த இசையும் ஒரே மாத்திரையில் கைகுலுக்குகிற இடம் அது. இவர்கள் பம்பையை மெல்ல மங்கவிட்டு, இரண்டு வினாடி வெறுமை வைத்து, பிறகு பாட்டை ஆரம்பிக்கிறார்கள். கேசட்டில் இன்னும் மோசம். முதல் பக்கம் பம்பையோடு 6 நிமிடம் 12 வினாடியில் முடிந்துவிடுகிறது, நாடாவைத் திருப்பிப் போட்டால்தான் ஐந்தாவது. டிராக் வரிசையை மாற்றி முதல் டிராக்கின் ரயில் சத்தத்தை எடுத்துவிட்டாலே இரண்டும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஏழாவது பாட்டின் பிரேக்டவுன் வேகத்தைப் பாதியாக்குகிறது, ஆனால் எடை ஏறவில்லை. காரணம் மாஸ்டரிங். எல்லாவற்றையும் −5 எல்.யு.எஃப்.எஸ். (சராசரி உரப்பின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க உரக்க ஒலிக்கும்) பக்கம் வரை நசுக்கியிருக்கிறார்கள். பிரேக்டவுனுக்கு முன்னால் போட்ட 40 ஹெர்ட்ஸ் பேஸ் டிராப் (அடிவயிற்றில் இறங்கும் ஆழ ஒலி) வரும்போது லிமிட்டருக்கு (ஒலி எல்லை மீறாமல் அமுக்கும் கருவி) மூச்சுத் திணறி மற்ற எல்லாவற்றையும் கீழே அமுக்குகிறது. எது பெரிதாக வெடிக்க வேண்டுமோ அது சின்னதாகச் சுருங்குகிறது. இவ்வளவு உரக்க வைத்ததால் பயனும் இல்லை. ஸ்பாட்டிஃபை இயல்பாகவே −14-க்குச் சமன் செய்கிறது, இந்த ஈ.பி. அங்கே ஒன்பது டெசிபல் இறக்கப்பட்டு, நசுங்கிய உருவம் மட்டும் அப்படியே இருக்கும். −9 பக்கம் நிறுத்தி, உச்சத்தை −1-க்குள் வைத்திருந்தால் ஐந்தாவது பாட்டின் மௌனத்துக்குப் பிறகு வரும் அடி நெஞ்சில் இறங்கியிருக்கும். கேசட்டில் மட்டும் நாடா மேல் அலைவரிசைகளைக் கொஞ்சம் மழுக்குவதால் காது குறைவாக வலிக்கிறது. வாங்குவதென்றால் அதற்காகக் கேசட்டை வாங்கலாம்.

கடைசி ஃபீட்பேக்கில் ஒரு தொடர் நடுக்கம் கேட்கும். கலை நோக்கில் செய்தது போலத் தோன்றினாலும் அது வயரிங் கோளாறு. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் கிட்டாரின் 55 ஹெர்ட்ஸோடு மோதி வினாடிக்கு ஐந்து முறை அலைகிறது. வேலூர் வெயிலில் மண் காய்ந்தால் எர்த் குழியின் தடை ஏறிவிடும், வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பதிவுக்கு முந்தைய நாள் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, ஆம்ப், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் சேர்த்துவிட்டால் முனகல் பெரும்பாலும் அடங்கும்.

குழு ஆம்ப் வழியே போகாத நேரடி கிட்டார், பேஸ் டிராக்குகளை அழிக்காமல் வைத்திருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் திரும்ப வாசிக்காமலே சரிசெய்யலாம். கிட்டாரை வேறு ஆம்ப் வழியாகத் திரும்ப ஒலிக்கவிட்டு எடுக்கலாம், பேஸை இரண்டாகப் பிரிக்கலாம், கிக்கின் வாலை வெட்டலாம். மூன்றாவது பாட்டின் நான்காவது சுற்றை ஒட்டுவதற்கு ஒரு மாலை போதும். தளர்ந்த கம்பியின் சுருதி மட்டும் திரும்ப வாசித்தால்தான் சரியாகும். ஐந்தாவது பாட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது, அதன் முன்னால் இருக்கும் இரண்டு வினாடி வெறுமையை எடுப்பதைத் தவிர.